சாமி காரியத்துக்கும் கால் கழுவச் சொன்ன வாளி அண்ணன்

பசறையில் இருந்து லுணுகலை வரை தேடினாலும், ஒருவரை வாசலில் நிறுத்துவதில் எங்கள் வாளி அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. எமனே வந்தாலும், "எருமையோட காலையும் கழுவுங்க" என்றிருப்பார்.

அவரை அப்படி ஆக்கியவன் நான்தான். அம்மா முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்ததன் மிச்சம், ஐந்நூறு கோழிகள் கொண்ட எங்கள் பண்ணை. குடும்பத்தில் முதலில் படித்தவன் என்ற மிடுக்கில், டிப்ளோமா வாங்கிய கையோடு அங்கே ஒரு கூட்டம் போட்டேன். பறவைக் காய்ச்சலைக் காட்டுப் பறவைகள் கொண்டுவரலாம். ஆனால் பண்ணைக்குப் பண்ணை அதைச் சுமப்பது சப்பாத்தும் லொறி டயரும் முட்டைத் தட்டும்தான் என்று விளக்கினேன். எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். கேட் காவலுக்கு இருந்த அண்ணன் மட்டும் கேட்டார்: "அப்ப ஊரூராப் பறக்கிறது நம்மதான்னு சொல்லுங்க தம்பி!"

மறுநாள் கேட்டில் ஒரு வாளி கிருமிநாசினி இருந்தது. அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் ஊருக்கு மறந்துபோனது.

கோழித்தீன் லொறி டிரைவர் சிரித்தார். "ஏண்ணே, டயர்ல கோழி ஏறுமா?"

"கோழி ஏறாது, எச்சம் ஏறும். எறங்கித் தேய்ங்க."

பதுளையில் இருந்து வந்த பேங்க் மேனேஜர், தன் சப்பாத்தைக் கேட்டிலேயே கழற்றிவிட்டு, ஒரு காலில் சிவப்பும் மறுகாலில் கறுப்புமாகப் பண்ணை பூட்ஸ் மாட்டிக்கொண்டு கோழிகளைப் பார்வையிட்டார். திருநீற்றுத் தட்டோடு வந்த பூசாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாமி காரியத்துக்குமாடா வாளி?"

"சாமி மேல குத்தமில்லீங்க. உங்க செருப்பு மேலதான்."

ஒருநாள் லுணுகலை பக்கம் ஒரு பண்ணையில் கோழிகள் கொண்டை நீலம் பாய்ந்து கொத்துக் கொத்தாய்ச் செத்தன. அது அண்ணனின் தங்கச்சி நடத்திய பண்ணை. நம் ஆட்களுக்குத் துக்கம் விசாரிக்காமல் இருக்கத் தெரியாது. சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் போனார்கள். கூட்டம் போட்டுப் பாடம் எடுத்த நானும் போனேன். கொட்டகைக்குள் நடந்தேன், செத்த கோழியைத் தூக்கிப் பார்த்தேன், தேத்தண்ணி குடித்தேன், திரும்பி வந்தேன்.

கேட் பூட்டியிருந்தது.

"கோழியத் தொட்டீங்களா தம்பி?"

"உங்க தங்கச்சி அழுவுதுண்ணே. ஆறுதலுக்குத்தான்..."

"தொட்டீங்களா?"

"...தொட்டேன்."

"பத்து நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க. சப்பாத்தக் கழட்டுங்க."

டிப்ளோமா விழாவுக்கு வாங்கிய சப்பாத்து அது! கம்பு ஒன்றால் அதைத் தூக்கிச் சுண்ணாம்புக் குழிக்குள் போட்டார். வெறுங்காலோடு தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய் அம்மாவிடம் முறையிட்டேன். "வாளி சொன்னா சரியாத்தான் இருக்கும். மொதல்ல போய்க் குளி" என்றார். என் பண்ணையை நானே பத்து நாள் எதிர் மேட்டில் நின்று பார்த்தேன்.

அங்கிருந்தே ஒன்றைக் கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்த அண்ணனுடைய போனில் தங்கச்சியின் சத்தம் என் காதுவரை வந்தது: "ஊரே வந்துச்சு. கூடப் பொறந்தவன் வரல. நீயெல்லாம் ஒரு அண்ணனா?" அவர் போனை மடித்த வேட்டிக்குள் செருகிவிட்டு, வாளித் தண்ணீரை மாற்றினார்.

துக்கம் விசாரித்துத் திரும்பியவர்களின் பண்ணைகளில் இரண்டு அடுத்தடுத்து நோயில் விழுந்தன. எங்கள் ஐந்நூறு கோழியும் கொக்கரித்துக்கொண்டு நின்றன. இன்றைக்கும் அதை நான் யாரிடமும் மெதுவாகச் சொல்வதில்லை.

மாதங்கள் கழித்து, அதிகாரிகள் சரியென்று சொன்ன பிறகு, தங்கச்சி மறுபடி குஞ்சு இறக்கினார். அண்ணனும் நானும் போனோம். அவர் கையில் பழமும் இல்லை, பலகாரமும் இல்லை. ஒரு புது வாளி. அதைத் தங்கச்சியின் கேட்டில் வைத்து, மருந்து கலந்து, காலை முக்கினார். துடைத்துவிட்டு மறுபடியும் முக்கினார்.

"ஒருக்காப் போதாதா?" தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"இது அன்னைக்கு வராததுக்கு."

தங்கச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சப்பாத்தைக் கழற்றினேன். அண்ணன் எதுவும் சொல்லாமலேயே, நானும் இரண்டு தடவை முக்கினேன்.