பின்சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம்

என் காரில் எனக்குக் கேட்காமல் ஒரு சத்தம் வர முடியாது என்று நான் சத்தியம் செய்தது ஒரு சனிக்கிழமை காலை, வாய் நிறைய பற்பசை நுரையோடு. சத்தியம் செய்கிறவர்கள் முதலில் வாயைக் கொப்பளித்துவிட வேண்டும். அந்த இடைவெளியில் புத்தி வந்துவிட வாய்ப்பு உண்டு.

முதல் நாள் மாலை மேம்பாலத்து ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. ஓட்டியவள் என் மனைவி. பின்சீட்டில் மகள். அவளுக்குப் பின்னால் ஒரு லாரி, ஓயாத ஹாரனோடு. பத்து நிமிடம் ஆறவிட்டதும் கார் தானாகக் கிளம்பிவிட்டது.

"மூணு மாசமா சொல்றேன்ல? பின்சீட்டுக்கு அடியில கீ...ன்னு ஒரு சத்தம் வருதுன்னு?"

"ஞாயித்துக்கிழமையெல்லாம் நான்தானே ஓட்டறேன்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"அதைத்தாங்க நானும் சொல்றேன்."

இந்தப் பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். காது டாக்டரிடம் போகும். மூன்று வருடமாக எந்தப் பேச்சும் அங்கேதான் போய் நிற்கிறது.

நான் அச்சகத்தில் மெஷின்மேன். இருபத்திரண்டு வருடமாக, ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த உருளையில் மை குறைகிறது என்று சொல்கிறவன். என் காதைப் போய்ச் சந்தேகிக்கலாமா? அதனால்தான் நுரையோடு அந்தச் சத்தியம்.

"அந்த வண்டியில எனக்குக் கேக்காத சத்தம் ஒண்ணு இருக்குன்னு நீ நிரூபிச்சுடு. மறுபேச்சு பேசாம உன் காது டாக்டர்கிட்ட வரேன். போதுமா?"

"நீ சாட்சிடி" என்றாள் மனைவி, மகளிடம்.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எதையும் ஒரு தடவை பார்த்து நம்ப மாட்டாள். மூன்று தடவை பார்த்து, மூன்று டிக் போட்டால்தான் அவளுக்கு அது முடிவு. பால் கெட்டுவிட்டதா என்பதற்கும் இதே முறைதான்.

கம்பெனி சர்வீஸுக்குப் போன் செய்தேன். பெட்ரோல் பம்ப்பாக இருக்கலாம், அப்படியானால் முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தக் காசுக்கு அந்தக் காரையே பாதி வாங்கிவிடலாம். சரி, நாமே பார்ப்போம் என்று சட்டைக் கையை மடித்தேன்.

முறையாகத்தான் பார்த்தேன். முதலில் ஃப்யூஸ். நன்றாக இருந்தது. அடுத்து ரிலே, அதாவது பம்ப்புக்கு மின்சாரம் விடுகிற சின்னக் கறுப்புப் பெட்டி. எங்கள் காரில் ஹாரனுக்கும் அதே மாதிரிப் பெட்டிதான். இரண்டையும் இடம் மாற்றினேன். பம்ப்பின் பெட்டியோடும் ஹாரன் அலறியது; அந்தப் பெட்டியில் கோளாறு இல்லை. பிறகு தெருவை நான்கு சுற்றுச் சுற்றி, கார் மறுபடி தானாக நின்றதும் அடியில் படுத்துக்கொண்டேன். மனைவி சாவியைத் திருப்ப, ரப்பர் சுத்தியலால் டேங்க்கின் அடியில் மெதுவாகத் தட்டினேன். மூன்றாவது தட்டில் கார் கிளம்பியது. தட்டி எழுப்பினால்தான் எழுந்திருக்கிறது என்றால் பம்ப்பின் மோட்டார் தேய்ந்துவிட்டது.

"பம்ப்புதான்" என்றேன், காருக்கு அடியிலிருந்து.

"அப்படியா!" என்றாள். நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆச்சரியப்பட்டாள்.

முழு செட்டு எதற்கு? மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும். செலவு ஐந்தில் ஒரு பங்கு. உதிரிபாகக் கடைக்குப் போனேன். "ஒரு பெட்ரோல் பம்ப்பு..." என்றுதான் ஆரம்பித்தேன். என்ன கார், எந்த வருடம் என்று எதுவும் கேட்காமல் கடைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார்.

"மோட்டார் மட்டும் போதும்ல சார்? சல்லடை, ரப்பர் வளையம் எல்லாம் உள்ளயே இருக்கு."

தொழில் தெரிந்தவன் என்பது முகத்திலேயே தெரிந்துவிடும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். வரும் வழியில் ஒரு கடைக் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தும் கொண்டேன்.

ஞாயிறு காலை வேலை தொடங்கியது. பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன்; குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்து தானாக நின்றது. பேட்டரியைக் கழற்றினேன். கதவுகளைத் திறந்து வைத்தேன். பின்சீட்டைத் தூக்கினால் அடியில் ஒரு வட்ட மூடி. அதற்குள் பம்ப். சல்லடை மூன்று வருடத்து அழுக்கோடு கறுத்துக் கிடந்தது. இரண்டு மணி நேரத்தில் புது மோட்டாரும் புதுச் சல்லடையும் மாட்டி, வளையத்தைப் பதித்து, மூடி போட்டு, ஃப்யூஸையும் பேட்டரியையும் சேர்த்துவிட்டேன். இன்றுவரை பெருமைப்படத்தக்க வேலை.

இனி ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. சாவியைப் பாதி திருப்பினால் பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்கும். பெட்ரோல் ஊற்றும் வாயில் காதை வைத்தால் அது கேட்கும். காதை வைத்தேன்.

"திருப்பு!"

"திருப்பிட்டேன். கேட்டுதா?"

"இல்ல."

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். வயர்களைப் பார்த்தேன். மாட்டினேன்.

"இப்ப?"

"கேக்கல. மோட்டாரே செத்த மோட்டார். ஏமாத்திட்டான்."

"அப்பா, எனக்கு பால்கனி வரைக்கும் கேக்குதுப்பா" என்று மேலிருந்து மகள் கத்தினாள்.

"நீ சும்மா இரு. உங்கம்மா கட்சி நீ."

மனைவி பையிலிருந்து ஒரு சீட்டையும் பென்சிலையும் எடுத்தாள். "சண்டை வேண்டாங்க. பத்துத் தடவை பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் 'ம்'ங்கறேன். சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க."

நியாயமான யோசனையாகப் பட்டது. காதை நன்றாக அழுத்திக்கொண்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். கேட்க வேண்டும் என்று மிகவும் விரும்பினேன். அவ்வளவு விரும்பினால் என்னவெல்லாமோ கேட்கிறது. ஐந்து தடவை கையைத் தூக்கினேன்.

அவள் டிக் போட்டு முடித்துவிட்டு, சாவியை முழுதாகத் திருப்பினாள். கார் முதல் முயற்சியிலேயே கிளம்பி, புதுசு மாதிரி சீராக ஓடியது.

"பார்த்தியா!" என்று குதித்தேன். "பம்ப்பு ஓடுது!"

"ஓடுதுங்க. காலையிலேர்ந்து ஓடுது." சீட்டை நீட்டினாள். "பத்துல ஆறு தடவைதான் திருப்பினேன். நாலு தடவை வெறும் 'ம்' மட்டும். அந்த நாலுல மூணுக்குக் கையைத் தூக்கினீங்க."

நான் வாதாடியிருக்கலாம். புது மோட்டார், அதனால் சத்தம் குறைவு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை. கண்கள் கலங்கியிருந்தன.

அப்போது சில விஷயங்கள் நினைவுக்கு வந்தன. சாப்பிடும்போது அவளும் மகளும் சிரித்தால் நான் அரை நொடி தாமதமாகச் சிரிப்பேன், எதற்கென்று தெரியாமலே. இப்போதெல்லாம் எல்லோரும் வார்த்தையை மென்று விழுங்குகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்வேன். மூன்று வருடமாக ஊரே மெல்லுகிறது என்று நம்புவது, என் காதைச் சந்தேகிப்பதைவிட எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"எப்ப போகணும்?" என்றேன்.

"புதன்கிழமை பத்து மணி. போன மாசமே சொல்லி வச்சுட்டேன்."

டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இதை யாரு செஞ்சது? நல்லாச் செஞ்சிருக்காங்க" என்றார். தாழ்ந்த சத்தங்கள் எனக்குக் கேட்கின்றனவாம். மெல்லிய, கூரான சத்தங்கள்தான் போய்விட்டனவாம். மை உருளை கேட்கும். தேய்ந்த பம்ப்பின் கீச்சொலி கேட்காது. காருக்கு மிச்சம் பிடித்த காசு காதுக்குப் போயிற்று.

காதுக் கருவியை மாட்டிக்கொண்டு முதல் வேலையாகக் காரில் போய் உட்கார்ந்தேன். சாவியைப் பாதி திருப்பினேன். ஒரு குழந்தை மூச்சை இழுத்து, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் நிறுத்திக்கொள்வதுபோல் இரண்டு விநாடி. மறுபடி திருப்பினேன். மறுபடியும். நேரம் போனதே தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்தேன். சமையலறையில் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"பம்ப்புதான்னு மூணு மாசம் முன்னாடியே மெக்கானிக் சொல்லிட்டாரு. பெட்டிகூட கடையில எடுத்து வச்சு, இவரு வந்தா குடுங்கன்னு சொல்லியாச்சு. மாத்தியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். அப்புறம் இந்த மனுஷனை எதைச் சொல்லி டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போறது? மேம்பாலத்துல நிக்கும்னு மட்டும் நான் நினைக்கல."

தங்கையிடம் போனில் பேசுகிறாள் என்று நினைத்தேன். இனி என் முன்னால் எந்த ரகசியமும் செல்லாது! திரும்பிப் பார்த்தேன். போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது.

"யார்கிட்டடி பேசற?" என்றேன்.

"உங்ககிட்டதாங்க. மூணு வருஷமா உங்ககிட்டதான் பேசிட்டிருக்கேன்."

கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பென்சிலை எடுத்து அதே சீட்டின் அடியில், கார் சோதனைக்கும் டாக்டர் சொன்னதற்கும் போட்டிருந்த இரண்டு டிக்குக்குப் பக்கத்தில், மூன்றாவது டிக்கைப் போட்டாள்.