எஃகு யானை தோற்கவில்லை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் நானும் உமது அக்காவும் நலம். உமது நலத்தை விசாரிக்கும்படி அக்கா சொன்னாள். விசாரித்துவிட்டேன்.

நாம் பேசி எட்டு மாதம் ஆகிறது என்பதை நான் மறக்கவில்லை. ஆகவே இதைப் பேச்சாகக் கொள்ளாமல் விண்ணப்பமாகக் கொள்ளவும். உமது கல்யாண வீடியோ கேசட்டைத் தபாலில் அனுப்பி வைக்கவும். உமது கல்யாணத்தைப் பார்க்கும் ஆசை எனக்கில்லை, அதன் கடைசிப் பதினொரு நிமிடம் போதும்.

எஃகு யானை ஒரு கார்ட்டூன் தொடரின் நாயகர், தும்பி வீரன் வேறொரு தொடரின் நாயகர். இருவரும் ஒரே கதையில் சந்திக்கிறார்கள் என்று டி.வி.யில் அறிவித்த வாரம், முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய நான், ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயர் விட்டுப்போனதையே கவனிக்கவில்லை. கடையில் புது கேசட் தீர்ந்துவிட்டது. நம் இருவரின் கல்யாண கேசட்டிலும் வாலில் பதினொரு பதினொரு நிமிடம் மிச்சமிருந்ததால், முதல் பாதியை என் வீட்டிலும் மறுபாதியை உம் வீட்டிலும் பதிவு செய்தோம். அன்றிலிருந்து என் கல்யாணத்தில் எல்லோரும் கைகுலுக்கி முடித்ததும் எஃகு யானை சுவரை உடைத்துக்கொண்டு வருகிறார்.

அந்தக் கதையில் நாற்பத்தோரு பிழைகள். ஓடும்போது பின்னால் அதே பச்சைக் கட்டடம் ஆறு தடவை வருகிறது. தும்பி வீரனுக்கு ஓரிடத்தில் ஆறு விரல். வாயை மூடிய பிறகுதான் வசனம் வருகிறது. ஒன்றையும் திருத்த எனக்கு மனசு வந்ததில்லை. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வில்லன்னு நெனச்சு அடிச்சுக்குவாங்க, பசைப் பேராசிரியன் வந்து ரெண்டு பேரையும் முதுகோட முதுகா ஒட்டிட்டுப் போயிடுவான், அதோட என் கேசட் தீர்ந்துடும், நீர் உம்ம கேசட்டை எடுத்துக்கிட்டு எழுந்திருப்பீர் பாரும், அந்த அரை நிமிஷத்துக்கு இணையா எனக்கு எதுவும் இல்லை.

அப்படிப்பட்ட நீர், என் பணி ஓய்வு விருந்தில், முதலாளியும் பைண்டரும் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், "அத்தான், இப்பவாவது ஒத்துக்குங்க, அந்தச் சண்டையில உங்க யானை தோத்துப்போச்சுதானே?" என்றீர். தோற்கவில்லை. தரையில் பசை இருந்தது, வழுக்கி விழுந்தார். திரும்பத் திரும்பப் போட்டுத் தேய்ந்து அந்த இடம் மட்டும் கோடு கோடாகத் தெரிவது என் குற்றமா? நான் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். நீர் பாயசம் வாங்கப் போனீர்.

வருகிற வியாழக்கிழமை எனக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன். "கூட யார் சார் வருவாங்க?" என்று நர்ஸ் கேட்டார். உமது அக்காவுக்கு ஆஸ்பத்திரி வாடையே மயக்கம். "நானே பாத்துக்குவேன்" என்றேன். "கண்ணைக் கட்டியிருக்கும் சார்" என்றார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதற்கு முன் மறுபாதியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நீர் நேரில் வரத் தேவையில்லை.

உமது மனைவிக்கு என் அன்பு. வயதில் மூத்தவன் என்ற கடமைக்காக, உமக்கும் ஆசிகள்.

இப்படிக்கு,
உமது அக்காவின் கணவர்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உமது அக்கா இதைப் படித்துவிட்டு, "இதுக்கா இத்தனை பக்கம்?" என்று செல்போனில் முழுக் கதையையும் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பாதியும் சேர்ந்தே இருக்கிறது, படம் கண்ணாடி மாதிரி தெளிவு. நடுவில் யாரும் எழுந்து கேசட் மாற்றாததால் சப்பென்று இருந்தது. தரையில் பசை இல்லை. பசை பிறகுதான் வருகிறது. ஒரே குத்து, யானை விழுந்துவிட்டார். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு டாக்ஸி சொல்லியிருக்கிறேன். கேசட் வேண்டாம்ப்பா, நீ வா.