உங்கள் பிரிவு உறுதி செய்யப்பட்டது

"எங்க வீட்டுக்காரருக்கு அடுத்த கல்யாணம் எப்பன்னு சொன்னீங்கன்னா, நானும் ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு வந்துடுவேன்" என்றாள் போனில் ஒரு பெண்.

சுபஸ்ரீக்கு முதலில் புரியவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் புக்கிங் பார்ப்பவள் அவள். ஆடி மாதம். மண்டபம் காலியாகக் கிடந்தது. போன் அடிப்பதே அதிசயம்.

"யாருங்க மேடம் சொன்னது?"

"நீங்கதான். மெயில் வந்திருக்கு. காட்டூர் சித்தார்த்தன்னு பேரோட."

"சார்கிட்ட கேட்டீங்களா?"

"அவர்கிட்ட நான் எதுக்குக் கேக்கணும்? அனுப்புனது நீங்க. நீங்க சொல்லுங்க."

போன் வைக்கப்பட்டது. சுபஸ்ரீ காலையில் தான் அனுப்பியதைத் திறந்து படித்தாள். பழைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் மெயில் போடச் சொன்னது முதலாளி செல்லக்கண்ணு. வளைகாப்பு, காதுகுத்து, தம்பி கல்யாணம் என்று எதற்காவது திரும்ப வருவார்கள் என்பது அவர் எண்ணம். எழுதியது சுபஸ்ரீ. ஆசை ஆசையாக எழுதியிருந்தாள்.

'எங்கள் மண்டபத்தில் நீங்கள் மாலை மாற்றிய நாளை நாங்கள் மறக்கவில்லை. உங்கள் அடுத்த கல்யாணத்தையும் எங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.'

'உங்கள் வீட்டு அடுத்த கல்யாணம்' என்று இருந்திருக்க வேண்டும். 'வீட்டு' விட்டுப்போயிருந்தது. புக்கிங் எல்லாம் மாப்பிள்ளை பெயரில் இருந்ததால், ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் அவன் பெயரைச் சொல்லியே அழைப்பு போயிருந்தது.

அதற்குள் இன்னும் நாலைந்து போன்கள் வந்துவிட்டன. ஒரு மாமனார் மண்டபத்துக்கே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

சுபஸ்ரீ அவசரமாக ஒரு மன்னிப்பு மெயில் தட்டினாள். அதன் தலைப்பை அனுப்பிய பிறகுதான் அவளே கவனித்தாள்: 'உங்கள் இரண்டாவது கல்யாணம் தொடர்பாக வருந்துகிறோம்.'

அதிலும், எல்லோருடைய முகவரியும் எல்லோர் கண்ணிலும் படும்படி அனுப்பியிருந்தாள். 'என் பேரை எடுங்கள்' என்று ஒருவர் எல்லோருக்கும் பதில் போட்டார். 'எனக்கு ஏன் அனுப்புகிறீர்கள்?' என்று அவரை இன்னொருவர் திட்டினார், அதையும் எல்லோருக்கும். 'பொண்டாட்டி இவளே போதும். சாம்பாரை மட்டும் மாத்துங்க' என்று எழுதிய ஒருவருக்குப் பாராட்டுகள் குவிந்தன.

செல்லக்கண்ணு எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ரெஸ்பான்ஸ் எப்படி?"

"நிறைய வருது சார்" என்றாள் அழுகையை அடக்கிக்கொண்டு.

வேண்டாம் என்பவர்கள் தாங்களே விலகிக்கொள்ளட்டும் என்று, மெயில் அனுப்பும் மென்பொருளில் ஒரு பட்டனைச் சேர்த்தாள். அழுத்தினால் பதில் தானாகப் போகும். அந்தப் பதில் ஆங்கிலத்தில் இருந்தது. அதையும் நல்ல தமிழில் மாற்றி வைத்துவிட்டு, பட்டனோடு இன்னொரு மெயில் அனுப்பினாள்.

மத்தியானம் அதே பெண் மறுபடி கூப்பிட்டாள்.

"அவர் எப்ப சொன்னாரு உங்ககிட்ட?"

"எதை மேடம்?"

"'அன்புள்ள சித்தார்த்தன், உங்கள் பிரிவு உறுதி செய்யப்பட்டது. மனம் மாறினால் கீழே அழுத்தவும்.' எங்க கல்யாணத்துக்காக ரெண்டு பேருக்கும் சேத்து ஆரம்பிச்ச மெயில் ஐடி அது. என் போன்லயும்தான் வருது. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்குக் கடைசியா சொல்றாரா?"

பின்னால் ஓர் ஆண் குரல் கத்தியது. "நான் மெயில்தான்டி வேணாம்னேன், வைஷ்ணவி!" ஏதோ பாத்திரம் விழுந்தது.

சுபஸ்ரீயால் உட்கார முடியவில்லை. ஒரு சொல்லை விட்டுவிட்டு, இன்னொரு சொல்லைத் தப்பாகப் போட்டு, ஒரு குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறோமே! இனி மெயில் வேண்டாம், நேரில் போய்விடலாம் என்று புக்கிங்கில் இருந்த முகவரியைக் குறித்துக்கொண்டு கிளம்பினாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள், காட்டூர் வரை மன்னிப்பைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா ருக்ஸார் கேட்டைத் திறந்துவிட்டார். மாடியில் சண்டை தெருவரை கேட்டது.

"போம்மா, மேலதான்" என்றார்.

கதவைத் திறந்த வைஷ்ணவியின் கண்கள் சிவந்திருந்தன. பின்னால் சித்தார்த்தன் மூச்சு வாங்க நின்றான். சுபஸ்ரீ கைகூப்பினாள்.

"மேடம், மண்டபத்துலேருந்து வர்றேங்க. சார் மேல எந்தத் தப்பும் இல்லைங்க. எல்லாம் நான் எழுதுனது. லிஸ்ட்லேருந்துதான் பிரிவு. வேற ஒண்ணுமில்லைங்க."

"அப்ப இவர் உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?"

"ஒரு வார்த்தை சொல்லலைங்க."

வைஷ்ணவி அவளையே பார்த்தாள். "ஓ" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். சித்தார்த்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான்.

வீடு அமைதியாகிவிட்டது. சுபஸ்ரீக்கு உயிர் வந்தது. ஆனாலும் உறுத்தல் போகவில்லை. இறங்கி வந்தபோது ருக்ஸார் படியடியிலேயே நின்றிருந்தார்.

"என்னம்மா, சத்தமே காணோம்?"

"என்னாலதாங்க அவ்வளவு சண்டையும். ஒரு மெயிலைத் தப்பா அனுப்பிட்டேன். உங்களுக்கும் தொந்தரவு. எல்லாம் எடுத்துச் சொல்லிட்டேன், இனிமே சத்தம் வராதுங்க."

ருக்ஸார் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா ஒருத்தருக்கொருத்தர் பேசிக்காத புள்ளைங்க, இன்னைக்குத்தாம்மா வாயைத் தொறந்துச்சுங்க. இன்னொரு மெயில் தப்பா அனுப்பிவிடேன்!"