ஒரு நிமிட ரஷ்யா

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அண்ணனின் கலியாணம் நின்றுபோகப் பார்த்தது ஒரு பற்றரியால். சீதனப் பிரச்சினை இல்லை, மொட்டைக் கடிதம் இல்லை, விரல் அளவான ஒரு பற்றரி. அது அந்த நேரம் என் உள்ளங்கைக்குள் இருந்தது. நான் நித்திரையில் இருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒஸ்லோவில் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி படித்துக்கொண்டிருந்தேன். (சொந்தக்காரர் கேட்டால் அப்பா "பிள்ளை யூனிவேர்சிற்றி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எந்தப் பாடம் என்று கேட்டால் இருமல் வந்துவிடும்.) எதைத் தொட்டாலும் தலைகால் தெரியாமல் தொடுகிற ஆள் நான். போதாக்குறைக்கு, ஒஸ்லோப் புறநகரான அம்மருட்டில் எங்கள் மாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் லரீசா அக்கா இருந்தார். சைபீரியாப் பக்கத்துக்காரி, சிறுவர் பள்ளியில் வேலை. தேநீருக்குச் சீனி போடாமல் பழப்பாகைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுவிட்டுத் தேநீரைக் குடிப்பார். உயிரோடு இருப்பவருக்குப் பூக் கொடுத்தால் ஒற்றைப்படையில் கொடுக்க வேண்டும், இரட்டைப்படை செத்தவீட்டுக்கு என்பார். வாசற்படிக்கு மேலால் கைகொடுக்க விடமாட்டார், சண்டை வருமாம். இவ்வளவையும் கேட்டு என் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? தமிழுலகம் அறிய வேண்டாமா?

அப்படித்தான் 'மெல்லிய குரலில் ரஷ்யா' என்ற என் யூரியூப் சனல் பிறந்தது. காதுக்கு அருகே யாரோ இரகசியம் சொல்வதுபோல, மிக மெதுவாகக் கதைக்கிற வீடியோக்கள் இருக்கின்றன அல்லவா? கேட்டால் தலைக்குள் பஞ்சை வைத்துத் தடவினதுபோல இருக்கும், கண் தானாகச் சொருகும். அந்த வகை. ரஷ்யப் பண்பாடு, தமிழில், தாலாட்டுக் குரலில். சந்தாதாரர்கள் பதினாறு பேர். (அதில் மூன்று பேர் நான்.)

பிரச்சினை எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் மெல்லக் கதைக்க ஒருவருக்கும் தெரியாது. அம்மா மன்னாருக்குப் போன் எடுத்தால் போனே தேவையில்லை என்று தோன்றும். முதல் வீடியோ வெளியான அன்று ஸ்டோவ்னரிலிருந்து சித்தி பதறிக்கொண்டு அழைத்தார்.

"அக்கா, ஜெனிக்குத் தொண்டையிலை என்ன? டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ?"

"அவளுக்கு ஒண்டுமில்லை. அது ரஷ்யாவாம்."

"ஐயோ, அங்கையிருந்து தொத்தினதோ?"

அதற்குப் பிறகு நான் பதிவு செய்கிறபோதெல்லாம் அம்மா மல்லித்தண்ணியோடு அறைக்குள் வந்தா. பூக்களைப் பற்றிய வீடியோவின் நடுவில் "குடிச்சிட்டுப் பேசு பிள்ளை" என்ற குரல் இடிபோல விழும். பதினாறில் இரண்டு பேர் அன்றோடு போய்விட்டார்கள்.

இனி அண்ணனின் கதைக்கு வருகிறேன். அண்ணன் றொபினும் வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் இருக்கும் செறினும் மூன்று வருடமாக விரும்பியிருந்தார்கள். முறைப்படி பெண் கேட்க நாங்கள் குடும்பமாகப் போக வேண்டும். செறினின் அப்பா பிலிப் மாமா முப்பது வருடம் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். நித்திரை அவரிடம் வருவதே இல்லை என்று செறின் சொல்லுவாள். உலகத்தில் அவர் மதித்த ஒரே பொருள் நேரம். செறினின் அக்காவைக் கேட்டு முதலில் வந்த ஒரு குடும்பம் இருபது நிமிடம் பிந்தியதற்கு, வாசலிலேயே தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பியவராம்.

"மூண்டு மணிக்குச் சாப்பாடு. மூண்டு எண்டால் மூண்டு" என்று அண்ணனிடம் இரண்டு தரம் சொல்லியிருந்தார். அண்ணன் அதை எங்களிடம் இருபது தரம் சொன்னான்.

அம்மா விமானத்தில் ஏறமாட்டா. ஆகவே ரயில். லில்லெஸ்ட்ரோம் நிலையத்தில் காலை எட்டேகாலுக்கு ஏறினால் மூன்று மணிக்கு முன்னரே பிலிப் மாமாவின் வாசலில் நிற்கலாம். வீட்டிலிருந்து ஏழரைக்குக் காரில் புறப்பட வேண்டும். அப்பா பஸ் ஓட்டுகிறவர். நேர விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. வரவேற்பறைச் சுவர் மணிக்கூட்டை மட்டும்தான் நம்புவார். கைத்தொலைபேசியின் நேரம் அவரைப் பொறுத்தவரை ஒரு அபிப்பிராயம்.

அந்த வாரம்தான் லரீசா அக்கா இன்னொரு வழக்கத்தைச் சொல்லியிருந்தார். நீண்ட பயணம் புறப்படும் முன் ரஷ்யர்கள் எல்லோரும் பெட்டிகள்மேல் சற்று உட்கார்வார்கள். ஒன்றும் பேசமாட்டார்கள். பிறகு வீட்டில் மூத்தவர் 'கடவுளோடு' என்று ஒரு வார்த்தை சொல்ல, எழும்பிப் போவார்கள். வீட்டுக்குள் குடியிருக்கும் ஆவி, இவர்கள் போகவில்லை என்று ஏமாந்து பின்னால் வராதாம்.

எனக்கு உடம்பு புல்லரித்தது. நான்கு பேர், பெட்டிகள், ஒரு பெரிய காரியம், ஒரு நிமிட அமைதி! இதைவிட வீடியோவுக்கு வேறென்ன வேண்டும்? எங்கள் வீட்டின் வரலாற்றிலேயே முதல் அமைதி வேறு.

"ஒரு நிமிசம்தான் அப்பா" என்றேன்.

"ரஷ்யாக்காரர் இருந்தால் இருக்கட்டும், நாங்கள் ஏன் இருக்க வேணும்?"

"கடைசியிலை மூத்த ஆள் கடவுளை நினைச்சு ஒரு சொல்லுச் சொல்ல வேணும்."

அந்த இடத்தில் அம்மாவின் முகம் மலர்ந்தது. "கடவுளை நினைக்கிற வழக்கமெண்டால் நல்லதுதானே. இருங்கோவன்" என்றா. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நவம்பர் மாதம். யன்னலுக்கு வெளியே கன்னங்கரேலென்று இருந்தது. நான் ஒரு தொழில்முறைக் கலைஞியின் மிடுக்கோடு ஏற்பாடுகளைச் செய்தேன். எல்லோருடைய போன்களையும் அண்ணனின் கைக்கடிகாரத்தையும் வாங்கிச் சோறு அவிக்கும் மின்சாரப் பானைக்குள் போட்டு மூடினேன். (அதிர்ந்தால் சத்தம் வருமே.) ஒலிவாங்கியை நடுவில் வைத்து, மடிக்கணினியில் பதிவைத் தொடங்கி (பதிவு தானாக என் போனுக்கும் வந்துவிடும்), காதுகளில் ஹெட்போனை மாட்டினேன். டிக், டிக், டிக். சுவர் மணிக்கூடு! சத்தமில்லாமல் கதிரையில் ஏறிப் பற்றரியைக் கழற்றினேன். முட்கள் ஏழு இருபதில் நின்றன. ஒரு நிமிடம்தானே, திரும்பப் போட்டுவிடலாம் என்று கைக்குள் வைத்துக்கொண்டேன். அப்பா சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார்; அதைக் காணவில்லை.

எல்லோரும் பெட்டிகள்மேல் உட்கார்ந்தோம். பலகாரப் பெட்டியை மட்டும் அம்மா மடியில் வைத்திருந்தா. அமைதி. பத்து விநாடி. இருபது விநாடி. ஹெட்போனுக்குள் நான்கு பேரின் மூச்சு கடல் அலைபோலக் கேட்டது. அழகு! அப்பா தொண்டையைச் செருமி அம்மாவைப் பார்த்தார். எங்கள் வீட்டில் கடவுள் சம்பந்தப்பட்ட பொறுப்பு அம்மாவுடையது.

அம்மா சிலுவை அடையாளம் போட்டா.

எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு அறைக்குள் வாயை மூடிக்கொண்டு இருப்பது ஒரேயொரு காரியத்துக்குத்தான் என்பதை நான் மறந்துபோனேன். அம்மா "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்க, அப்பாவும் அண்ணனும் சாவி கொடுத்த பொம்மைகள்போலப் பதில் சொன்னார்கள். ஒரு வார்த்தை என்று நான் கேட்டது ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையாகப் புறப்பட்டுவிட்டது. செபமாலை தொடங்கினால் நடுவில் எழும்ப எங்கள் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் பிறக்கவில்லை.

நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏனென்றால் அந்த ஒலி! பெரிய குரலில் கதைக்கிற அம்மா செபத்தில் மட்டும் தணிந்து, ஒரே சுருதியில், மழைபோல. நான் மாதக்கணக்காகத் தேடிய குரல் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இன்னும் ஒரு நிமிடம் கேட்போம் என்று கண்ணை மூடினேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது.

அப்பா நேரத்தைக் கவனிக்காமல் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செபமாலையில் பத்து மணி உருட்டுவது ஒரு 'பத்துமணி'; ஒவ்வொன்றின் முடிவிலும் ஒற்றைக் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்திருக்கிறார். ஏழு இருபது. அடுத்த பத்துமணி: ஏழு இருபது. 'இண்டைக்குச் செபம் நல்லா ஓடுது' என்று நினைத்தாராம். அந்தத் துணிவில், செபமாலைக்குப் பின்னால் வருகிற நீளமான மன்றாட்டு மாலையையும் தானே எடுத்து முடித்திருக்கிறார். அண்ணன் மணிக்கூட்டுக்கு முதுகு காட்டி இருந்தான்; அப்பா இருக்கிறபோது நேரத்தைப் பற்றிக் கவலைப்படுவது அவருக்கே அவமரியாதை.

முடிந்ததும் அப்பா கைகளைத் தேய்த்தார். "பாத்தியளே, இன்னும் நேரம் கிடக்கு. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்."

அண்ணன் பானையைத் திறந்து போனை எடுத்தான். "அப்பா! எட்டு மணி ஆறு நிமிசம்!"

"உன்ரை போன் பிழை. சுவரைப் பார்."

அண்ணன் அம்மாவின் போனை எடுத்தான். பிறகு அப்பாவின் போனை. பிறகு என்னுடையதை. சாட்சிகள் நான்கு பேரும் ஒரே வாக்குமூலம். மூவரும் மெல்லத் திரும்பி, ஹெட்போனோடு வாயைத் திறந்தபடி பெட்டிமேல் சாய்ந்து கிடந்த என்னைப் பார்த்தார்கள். தளர்ந்த என் கையிலிருந்து பற்றரி நழுவி உருண்டு, அப்பாவின் சப்பாத்தடியில் போய் நின்றது.

லில்லெஸ்ட்ரோமுக்குப் போகும் வழியில் காரில் ஒருவரும் கதைக்கவில்லை. (அந்த அமைதியை நான் பதிவு செய்யவில்லை.) எங்கள் ரயில் நேரத்துக்கு வந்து, நேரத்துக்குப் போயிருந்தது. அடுத்தது நான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு.

அண்ணன் ரயில் மேடையிலே நின்று பிலிப் மாமாவுக்கு அழைத்தான். ஸ்பீக்கரில் போட்டான், தனியாகச் சாக விருப்பமில்லாதவன்போல.

"மாமா, ரயிலை விட்டிட்டம்."

"ஏன்?"

"செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தனாங்கள்... நேரம் போனது தெரியேல்லை."

"தம்பி, பிந்திற ஆக்கள் எல்லாரும் கடைசியிலை கடவுளைத்தான் சாட்டுறது."

அண்ணனின் கீழுதடு நடுங்கியதை நான் கண்டேன். முப்பத்தொரு வயதுக்காரன். என்னால்தானே! நல்லது செய்ய வேண்டும் என்ற வேகம் என்னைப் பிடித்துத் தள்ளியது. "மாமா, பொய்யில்லை! ரெக்கோர்டிங் இருக்கு, அனுப்புறன்!" என்று கத்திவிட்டு, நாற்பத்தாறு நிமிடத்தையும் அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அப்போதுதான் அம்மா என் கையைப் பிடித்தா. "பிள்ளை, அதிலை என்ரை மன்றாட்டும் இருக்கோ?"

"என்ன மன்றாட்டு?"

அப்பா தண்டவாளத்தைப் பார்த்தார். அண்ணன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சொன்னான். "மூண்டாவது பத்துமணிக்குப் பிறகு. 'ஆண்டவரே, அந்தப் பிலிப்பெண்ட மனிசன்ரை நெஞ்சுக்குள்ளை இருக்கிற மணிக்கூட்டைக் கழட்டிப்போட்டு, ஒரு இதயத்தை வையும்.'"

அழிக்கப் பார்த்தேன். மாமா பார்த்துவிட்டார், இரண்டு நீலக் கோடுகள் விழுந்துவிட்டன.

ரயிலில் அம்மா ஒரு பலகாரம்கூடத் தொடவில்லை. நான் லரீசா அக்காவுக்கு நடந்ததை எழுதினேன். "நாற்பத்தாறு நிமிடமா?" என்று பதில் வந்தது. "அவ்வளவு நேரத்தில் ஆவி தன் பெட்டியையும் அடுக்கி, உங்களுக்கு முதல் துரொண்ட்ஹெய்முக்குப் போயிருக்கும்."

இரவு ஏழு மணிக்கு, நான்கு மணித்தியாலம் பிந்தி, அந்த வாசலில் நின்றோம். அப்பா மணியை அழுத்தினார். நான் எல்லோருக்கும் பின்னால், பலகாரப் பெட்டிக்கு மறைவில்.

கதவைத் திறந்தவர் பிலிப் மாமாவின் மனைவி, ஸ்ரெல்லா மாமி. எங்களைக் கண்டதும் சட்டென்று உதட்டில் விரலை வைத்தார்.

"ஷ்ஷ்... மெல்லக் கதையுங்கோ. இவர் நித்திரை."

"நித்திரையோ?" அம்மாவுக்குக் காற்றுத்தான் வந்தது.

"மூண்டு மணிக்குக் கதிரையிலை இருந்து, பிழை பிடிக்கவெண்டே உங்கடை செபத்தைப் போட்டவர். பாதியிலை தலை சரிஞ்சிட்டுது. முப்பது வருசமா இந்த மனிசன் இப்பிடி நித்திரை கொண்டு நான் காணேல்லை. நான் சாப்பாட்டுக்கும் எழுப்பேல்லை."

உள்ளே, சாய்வு நாற்காலியில், நெஞ்சின்மேல் போனை வைத்துக்கொண்டு அந்த மனிதர் குழந்தைபோலக் கிடந்தார். நாங்கள் நால்வரும் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நுனிவிரலில் நடந்தோம். அப்பா "றோட்டெல்லாம் சரியான ஐஸ்" என்று மூச்சுக்குள் சொன்னார். அம்மா செறினின் காதுக்குள் "சிப்பிப் பலகாரம், பிள்ளை" என்றா. பலகாரத்தாள் சரசரத்தது. யாரோ தேநீருக்குள் கரண்டியை மெல்லச் சுழற்றினார்கள். என் வாழ்நாளில் முதற்தடவையாக என் குடும்பம் இரகசியக் குரலில் கதைத்தது, முழுசாக இருபது நிமிடம். என் ஒலிவாங்கியோ அம்மருட்டில், வரவேற்பறைத் தரையில் கிடந்தது.

பிலிப் மாமா எழும்பியபோது முதலில் சுவரைப் பார்த்தார். பிறகு எங்களை. பிறகு அம்மாவை.

"மணி எத்தினை?"

"ஏழரை" என்றான் அண்ணன், தூக்குமேடையில் நிற்பவனைப்போல.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தங்கச்சி, மூண்டாவது பத்துமணிக்குப் பிறகு என்னைப் பற்றி ஏதோ கேட்டனீங்கள். அதோடை நான் நித்திரையாப்போனன். ஆண்டவர் முழு மணிக்கூட்டையும் கழட்டேல்லைப்போலை." நெஞ்சிலிருந்த போனை எடுத்து மேசையில் வைத்தார். "பற்றரியை மட்டும்தான் எடுத்திருக்கிறார்."

பற்றரி விவகாரத்தை அண்ணன் சொல்லி அறிந்த செறின் அவரிடம் முதலே சொல்லியிருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. முதலில் சிரித்தது அம்மா. அந்தச் சிரிப்புக் கீழ்மாடிக்கும் கேட்டிருக்கும்.

கலியாணம் அடுத்த கோடையில் நடந்தது. இப்போது இரண்டு வீட்டிலும் 'ரஷ்யா' என்பது ஒரு கால அளவு. "இந்தா, ஒரு ரஷ்யாவிலை வாறன்" என்று யாராவது சொன்னால், மற்றவர்கள் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். பிலிப் மாமா அந்த நாற்பத்தாறு நிமிடத்தைத் தினமும் படுக்கையில் போட்டுக் கேட்கிறார். முப்பத்திரண்டாவது நிமிடத்திலிருந்து ஒரு குறட்டைச் சத்தம் கேட்கிறதாம். அது யாருடையது என்று வருகிறவர் எல்லோருக்கும் சொல்லுகிறார்.

நத்தார்ப் பண்டிகைக்கு அவரிடமிருந்து எனக்கு ஒவ்வொரு வருடமும் தங்கநிறத் தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொதி வரும். பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, நிறையிலேயே தெரியும். வழக்கமாக நான்கு பற்றரி. லரீசா அக்கா பார்த்துவிட்டு, இரட்டைப்படையில் கொடுத்தால் செத்தவீட்டுக்கு என்று என் சார்பில் முறைப்பாடு அனுப்பினார். இந்த வருடம் ஐந்து வந்திருக்கிறது.