மூடி திறக்காத வைத்தியம்

மத்தியானத் தூக்கத்தில் இருந்த கொளஞ்சியப்பனின் பாயைத் தண்ணீர் வந்து தொட்டது. எழுந்து பார்த்தார். வாஷிங் மெஷினுக்கு அடியிலிருந்து வருகிறது. பிளக் பிடுங்கிக் கிடந்தது. கரண்டே இல்லாமல் ஒழுகுகிற மெஷினை அவர் அன்றுதான் பார்க்கிறார்.

மருமகள் ஆண்டாளுக்கு மணலூர்பேட்டைச் சம்பந்தி பச்சமுத்து சீராகக் கொடுத்த மெஷின் அது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஆடிக்கு மகளை அழைத்துப்போக வருகிறார். "எத்தினி எச்பி மோட்டாரா இருந்தாலும் என் கை பட்டா ஓடும்" என்று கல்யாணப் பந்தியில் அவரிடமே அளந்திருந்தார் கொளஞ்சியப்பன். மெஷினையே இப்படி வைத்திருப்பவர்கள் பெண்ணை எப்படி வைத்திருப்பார்கள் என்று சம்பந்தி நினைத்துவிட்டால்? அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"தியாகதுருகத்துலருந்து மெக்கானிக்கக் கூப்புடுங்களேன். ஒழுவறதப் பாத்தா வயிறு எரியுது" என்றாள் மனைவி தைலம்மாள்.

"நான் இன்னாத்துக்கு இருக்கேன்?"

ஒரே ஒரு சங்கடம். உள்ளே மருமகளின் துணிமணி இருக்கும். மாமனார் போய் மூடியைத் திறப்பதாவது! ஆகவே வைத்தியம் முழுக்கப் பின்பக்கமாகவே நடந்தது.

வெளிக்குழாயின் கிளிப்பை முறுக்கினார். குழாய் பிளந்தது. சைக்கிள் டியூபைச் சுற்றி எம்சீல் அப்பினார். தண்ணீர் வேறு வழி கண்டுபிடித்துப் போய் அரிசி மூட்டையை நனைத்தது. ஒரு பக்கம் செங்கல் வைத்துத் தூக்கினார். மெஷின் சுவரில் சாய்ந்து, முதுகு நசுங்கியது.

"இன்னாங்க, முன்னாடி சொட்டிக்கினு இருந்துச்சி. இப்ப ஆறாட்டம் ஓடுது!"

சனிக்கிழமை அவருக்கு வெறி வந்துவிட்டது. குழாயையே அறுத்தெறிந்தார். உள்ளே இருந்ததெல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகு, வேப்பங்கட்டையைச் சீவி ஓட்டையில் வைத்து அடித்தார்.

மறுநாள் காலையில் ஒரு சொட்டு இல்லை.

துவைத்த தண்ணீர் இனி எந்த வழியாக வெளியே போகும் என்ற கேள்வி அவருக்கும் வந்தது. ஆடி முடியட்டும் என்று ஒத்திவைத்தார். வீட்டில் வேறு யாருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை.

"இப்பத்தான் உருப்படியா ஒண்ணு செஞ்சிக்கிறீங்க" என்றாள் தைலம்மாள்.

இருபத்தெட்டு வருஷத்தில் முதல் பாராட்டு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பச்சமுத்து வெயிலோடு வந்து சேர்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும், சாய்ந்து நிற்கும் மெஷினைப் பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார். தரை காய்ந்திருந்தது.

"மெஷினு எப்பிடிங்க சம்மந்தி, நல்லா தொவைக்கிதா?"

"ஒரு கொறையும் இல்லீங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

பச்சமுத்து மகளைப் பார்த்தார். "கொஞ்சம் தண்ணி குடும்மா."

ஆண்டாள் சொம்போடு வந்தாள். நேரே மெஷினிடம் போனாள். மூடியைத் திறந்து, சொம்பை உள்ளே விட்டு மொண்டாள்.

"குடிப்பா. நல்ல தண்ணி நாலு நாளைக்கு ஒருவாட்டிதான் வருது, நேத்து ராத்திரி வந்தத இதுலதான் ரொப்பி வெச்சேன். நீ குடுத்த சீர்லயே தண்ணி புடிச்சி வைக்கிற பெரிய ஏனம் இதான். மாமா அடைச்சிக் குடுத்ததுலருந்து ஒரு சொட்டு வீணாவல."