ஒருவர் விடாமல் சம்மதித்த கொயினா

நோயாளி சொல்வதை அப்படியே நம்புகிறவன் முட்டாள். தான் சொல்வதையே நம்புகிறவன் அவனைவிடப் பெரிய முட்டாள். இருபத்துமூன்று வயதில் நான் இரண்டுமாக இருந்தேன்.

காப்பார் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் எனக்கு டிரெஸ்ஸர் வேலை. (புண்ணுக்குக் கட்டு, காய்ச்சலுக்கு மருந்து, அவ்வளவுதான். ஆனால் பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸில் பெண் பார்க்கப் போனபோது 'டாக்டர் மாதிரி' என்று சொல்லி வைத்திருந்தேன்.) தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளில் மலேரியா ஆள் ஆளாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. கிள்ளானிலிருந்து மாதம் ஒருமுறை வரும் வெள்ளைக்கார டாக்டர், "தினமும் கொயினா மாத்திரை கொடுத்தால் ஆட்கள் சாப்பிடுவார்களா? விசாரித்து எழுது" என்றார்.

நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனேன்.

"தெனமும் கொயினா முழுங்குவீங்களா?"

"முழுங்குறோங்கய்யா."

ஒருவர் விடாமல் சம்மதம். முத்தம்மா என்ற பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் பெண், "ரெண்டாக் குடுத்தாலும் முழுங்குவோம்" என்றாள். நாலு பக்கம் இங்கிலீஷில் பெருமையாக எழுதினேன். உதாரணமாக இருக்கட்டுமென்று பட்டியலின் முதல் பெயராக என்னுடையதைப் போட்டேன்.

தினமும் மாத்திரை கொடுத்து ஒரு மாதமாயிற்று. காய்ச்சல் குறையவில்லை. டாக்டர் காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, மாத்திரையைக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொன்னார். நாக்குக்கு அடியில், கன்னத்துக்குள், எங்கும் மாத்திரை. முத்தம்மாவின் முந்தானை முடிச்சில் ஒரு வாரத்துச் சரக்கு இருந்தது.

"ஏன் பொய் சொன்னே?" என்று கத்தினேன்.

"நோட்டோட வந்து நின்னா வேணாம்னு எப்படிங்கய்யா சொல்றது? சொன்னா மட்டும் விட்டுருவீங்களா? முழுங்குனா காது ங்கொய்யினு கத்துது, தலை சுத்துது. வெட்டு கொறைஞ்சா கங்காணி ஏசுறாரு. உங்களுக்கென்ன?"

நறுக்கென்று பதில் சொல்ல வாயெடுத்தேன். பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. சுள்ளென்ற வெயிலில் உடம்பு முழுக்கக் குளிர்நடுக்கம்.

டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "நீ சாப்பிடுகிறாயா?"

"தி... தினமும், சார்." (தினமும் மாத்திரையை மருந்தறைக்குப் பின்னாலிருந்த செடிக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.)

ஒரு தம்ளர் கொயினாத் தண்ணீரை நீட்டினார். எல்லோரும் பார்க்கக் குடித்தேன். எல்லோரும் பார்க்க அவருடைய வெள்ளை கான்வாஸ் சப்பாத்து மேலேயே வாந்தியெடுத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். முத்தம்மாதான் தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள். "கொப்புளிங்கய்யா. கசப்பு போவாது, கொஞ்சம் கொறையும்."

இந்தக் கதையைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பிரிக்பீல்ட்ஸ் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்படியும் அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது யோசிக்காமல் 'சரி' என்றால், "இது டிரெஸ்ஸர் சரி லா" என்பார்கள். புது மருமகன்களுக்கெல்லாம் கதை சொல்லப்படும். சப்பாத்து நனையும் இடத்தில் வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

கதை அவர்களுக்கு அங்கே முடிந்துவிடுகிறது. அந்த வாரம் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் என் பக்கத்துக் கட்டிலில் முத்தம்மாவின் புருஷன் அதே காய்ச்சலில் செத்துப்போனதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அவன் பெயருக்கு நேராகவும் 'சம்மதம்' என்றுதான் எழுதியிருந்தேன்.