பனிமூட்ட அமைச்சரின் நூறடி

ஏழு ஆறுகள் ஓடியும் உருப்படியாக ஒரு பாலம்கூட இல்லாத நாடு ஒன்று இருந்தது. பொன்னூசல் நாடு என்று பெயர். வெயில் அங்கே வருடம் முழுக்க ஒரே மாதிரி அடித்தது. அப்படிப்பட்ட நாட்டில் பனிமூட்டத் துறை என்று ஒரு துறையும், அதற்குக் கடம்பவாணர் என்று ஓர் அமைச்சரும் இருந்தார்கள்.

அவையில் ஒன்பது நாற்காலிகள் இருந்ததுதான் காரணம். எட்டு அமைச்சர்களும் எட்டுத் துறைகளைப் பங்கிட்டுக்கொண்ட பிறகு, மிச்சம் இருந்த நாற்காலிக்காகப் பனிமூட்டம் உண்டாக்கப்பட்டது. கடம்பவாணர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஆண்டுக்கொரு முறை எழுந்து, "இவ்வாண்டும் பனிமூட்டம் நேரவில்லை, நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் உள்ளது" என்று அறிக்கை வாசிப்பார். அவை மேசையைத் தட்டும். மற்ற நாட்களில் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தபடி இருப்பார். பதவிக்கு வந்த பதினான்கு வருடங்களில் ஒரு காதுகுத்துக்குக்கூட அவரை யாரும் அழைத்ததில்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள் சந்தையில் ஒரு பூசணிக்காய் திருடு போனது.

அவை அவசரமாகக் கூடியது. தலைமை அமைச்சர் வச்சிரவேலர் எழுந்து, மீசையை இருபுறமும் சரிபார்த்துக்கொண்டார்.

"அந்தத் திருடனுக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? பூசணிக்காரர் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார், அதனால் வந்தது. அவர் இடுப்பில் ஒரு வாள் இருந்திருந்தால், அதே ஆள், 'ஐயா, பூசணி என்ன விலை?' என்று பணிவாகக் கேட்டிருப்பான். ஆகவே வாள் என்பது ஆயுதமன்று. அது மரியாதை! மறைத்து வைத்தால்தான் ஆபத்து. ஊரறிய ஏந்தினால் நாகரிகம்!"

"கோபத்தில் யாராவது வெட்டிவிட்டால்?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார்.

"வெட்டுப்படுகிறவரிடமும் வாள் இருக்குமே!" என்றார் வச்சிரவேலர்.

எட்டுக் கைகள் உயர்ந்தன. கடம்பவாணர் திரும்பிப் பார்த்தபோது தன்னுடைய கையும் உயர்ந்திருந்தது.

பொன்னூசல் நாட்டின் எந்தக் குடிமகனும் குடிமகளும் எந்த இடத்திலும் வெளிப்படையாக வாள் ஏந்தலாம் என்று முரசறைந்தார்கள். கொஞ்ச நாளில், உறைக்குள் இருக்கும் வாள் மறைத்து வைத்த வாள்தானே என்று அவைக்கு ஐயம் வந்தது. உறைகள் தடை செய்யப்பட்டன. வாள் இல்லாதவர்கள் வாள் உள்ளவர்களைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று புகார் வந்தது. பயத்தைப் போக்குவதற்காக வாள் கட்டாயமாக்கப்பட்டது. நெரிசலில் சிலருக்குத் தொடையிலும் முழங்கையிலும் வெட்டு விழுந்தது. அதனால் தெருவில் ஓடக் கூடாது, ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளக் கூடாது, முன்னறிவிப்பின்றித் தும்மக் கூடாது என்று மூன்று ஆணைகள் ஒரே வாரத்தில் வந்தன. கல்யாணங்களில் மாலை மாற்றுவதற்கு இரண்டு நீண்ட கொக்கிகள் தேவைப்பட்டன. முடிதிருத்தும் கடையில் வாளோடு வந்தவர் உட்கார, வாளோடு நின்றவர் கத்தியை எடுக்க, இரண்டு பேரும் ஒருவர் வாளை ஒருவர் பார்த்தபடியே இருந்தார்கள்.

இதெல்லாம் நாகரிகத்தின் சிறு சிரமங்கள் என்று அவை கருதியது. ஒருநாள் சந்தை வழியாகப் போன வச்சிரவேலரின் பட்டு அங்கவஸ்திரத்தை யாரோ ஒரு கீரைக்காரம்மாவின் வாள் நுனி இரண்டாகக் கிழித்தது. அரை நாழிகையில் சட்டம் வந்தது: எந்த அமைச்சர் இருக்கும் இடத்திலிருந்தும் நூறு அடிக்குள் யாரும் வாள் ஏந்தக் கூடாது. அமைச்சர்களின் உயிர் நாட்டின் உடைமை. ஒவ்வோர் அமைச்சருக்கும் ஓர் அளவுக்காரன் நியமிக்கப்பட்டான். அமைச்சர் எங்கே உட்கார்ந்தாலும் அவரைச் சுற்றி நூறு அடி எண்ணிச் சுண்ணாம்புக் கோடு போடுவது அவன் வேலை.

சட்டம் வந்த மூன்றாம் நாள், கடம்பவாணரின் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

"வணக்கம் ஐயா. நான் தமயந்தி. ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. நாளைக்கு எங்க பள்ளிக்கூடத்துக்கு நீங்க வந்து பிள்ளைங்க கிட்ட நாலு வார்த்தை பேசணும்."

கடம்பவாணருக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. "எதைப் பற்றி?"

தமயந்தி ஒரு கணம் விழித்தாள். "உங்க துறையைப் பத்தித்தான், ஐயா. பனிமூட்டம்."

மறுநாள் அவர் தலைப்பாகையை மூன்று முறை கட்டி, மூன்று முறை அவிழ்த்து, நான்காவது முறையோடு கிளம்பினார். அளவுக்காரன் கோடு போட்டான். தமயந்தியும் மற்ற ஆசிரியர்களும் தங்கள் வாள்களைக் கோட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் சாய்த்துவிட்டு வந்தார்கள். கடம்பவாணர் இரண்டு நாழிகை பேசினார். பனிமூட்டத்தின் வகைகள், அது வந்தால் செய்ய வேண்டியவை, வராவிட்டால் செய்ய வேண்டியவை. பேசி முடித்ததும் நாற்பது பிள்ளைகளும் ஒரு கூச்சல் போட்டுக்கொண்டு முற்றத்தில் பாய்ந்தார்கள். ஓடினார்கள். பச்சைக் குதிரை தாண்டினார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். தமயந்தி தூணில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

'பேச்சு நெஞ்சைத் தொட்டிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டார் கடம்பவாணர்.

அதன் பிறகு அழைப்புகள் குவிந்தன. கல்யாணங்களில் அவரை மணமேடைக்கு நேர் எதிரே, சரியாக நடுவில் உட்கார வைத்தார்கள். மாலைகள் கையாலேயே மாறின. மாமன்களும் மச்சான்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். முடிதிருத்தும் கடைக்காரர் வாரம் ஒருமுறை வந்து, "ஐயா, சும்மா வந்து உக்காருங்க, காத்தாட இருக்கும்" என்று கூட்டிப்போனார். சந்தைக்காரர்கள் அவருக்கென்று ஒரு கயிற்றுக் கட்டிலே போட்டார்கள். மற்ற எட்டு அமைச்சர்களும் மதிலுக்கு வெளியே தலைகாட்டுவதில்லை. ஆகவே ஊர் முழுவதும் கடம்பவாணருக்கே. பாயசம் குடித்துக் குடித்து அவருக்கு இடுப்புக்கச்சை எட்டாமல் போனது. கண்ணாடி முன் நின்று மூன்று விதமான புன்னகைகளைப் பழகினார்.

ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்துக்கு ஆறாவது முறை போனபோது, பேச்சின் நடுவில் அவருக்கே தூக்கம் வந்துவிட்டது. விழித்துப் பார்த்தபோது, எதிரே ஒரு சிறுமி உட்கார்ந்து மாங்காய் கடித்துக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு பக்கம் மட்டும் நீளப் பின்னல். மறுபக்கம் காதோடு நின்றிருந்தது.

"உன் பெயர் என்னம்மா?"

"சிட்டம்மை."

"நான் பேசியதில் உனக்கு எது பிடித்தது?"

சிட்டம்மை யோசித்தாள். அவள் பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. "நீங்க பேசவே வேணாம் தாத்தா. சும்மா இப்படித் தூங்குனாப் போதும். நீங்க இருந்தா வாள் வராதுல்ல. டீச்சர் அதுக்குத்தானே உங்களைக் கூட்டிட்டு வராங்க."

கடம்பவாணரின் மூன்று புன்னகைகளில் எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

"உன் பின்னல் என்ன ஆச்சு?"

"கூரையிலேருந்து ஓடு விழுந்துச்சா, டீச்சர் யாரோ வராங்கன்னு பயந்துட்டாங்க. கையில வாளோட சட்டுனு திரும்புனாங்க. நான் பின்னாடி நின்னேன்." கழுத்தருகே விரலால் காட்டினாள். "பின்னலோட போச்சு. டீச்சர் மூணு நாள் சாப்பிடவே இல்ல. நான்தான் போய், 'முடிதானே டீச்சர், வளர்ந்துரும்'னு சொன்னேன்."

சொல்லிவிட்டு மாங்காய்க் கொட்டையை வீசி எறிந்துவிட்டு ஓடிப்போனாள்.

அன்று வீடு திரும்பிய கடம்பவாணர் தலைப்பாகையைக்கூடக் கழற்றவில்லை. அவர் மனைவி நாச்சியார் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னை யாரும் கூப்பிடவில்லை, நாச்சியா. என்னைச் சுற்றியிருக்கும் நூறு அடியைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு கல்லுக்குத் தலைப்பாகை கட்டி உட்கார வைத்தாலும் போதும்."

"அது எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள் நாச்சியார். "பனிமூட்டத்தைப் பத்தி யாருங்க ரெண்டு நாழிகை கேப்பாங்க?"

"தெரிந்துமா சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தா போயிருக்க மாட்டீங்க. நீங்க போன இடத்துல பிள்ளைங்க ஓடுது, சனங்க சிரிக்குது. இதைவிட ஒரு அமைச்சர் செய்யறதுக்கு என்ன இருக்கு? மத்த எட்டுப் பேரு என்னத்தைச் செஞ்சு கிழிச்சாங்க?"

கடம்பவாணர் மோரைக் குடித்தார். பாதி குடித்ததும் டம்ளரை வைத்துவிட்டார்.

"அந்த வாள் சட்டத்துக்கு நானும் கையைத் தூக்கினேன், நாச்சியா."

நாச்சியார் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் வாசலில் சண்டை. மேலூர்ப் பள்ளிக்கூடமும் கீழூர்ப் பள்ளிக்கூடமும் ஆற்றங்கரைப் பள்ளிக்கூடமும் அவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. "நேத்தும் அவங்க பள்ளிக்கூடத்துக்குத்தானே போனீங்க! எங்க பிள்ளைங்க மட்டும் பிள்ளைங்க இல்லையா?" என்று மேலூர்க்காரர் ஒருவர் கத்தினார். கத்தியவரின் கண் கலங்கியிருந்தது. கடம்பவாணர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் ஒரே ஆள் என்பது அவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக உறைத்தது. நேராக அரண்மனைக்கு நடந்தார்.

அவையில் அவர் எழுந்தபோது எல்லாரும் மேசையைத் தட்டத் தயாரானார்கள்.

"மாமன்னா," என்றார் கடம்பவாணர், "அண்டையிலுள்ள வேங்கை நாட்டில் முப்பது அமைச்சர்கள் இருப்பதாகக் கேள்வி. நமக்கோ ஒன்பதே பேர். நம் தூதர்கள் அங்கே தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது."

மன்னர் செம்பொற்சோதியின் முகம் சிவந்தது. "முப்பதா! இதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை?"

"இப்போதும் காலம் தவறிவிடவில்லை. நம் நாட்டின் ஆசிரியர்கள் நூறு பேரையும் அமைச்சர்களாக்கலாம். சுண்ணக்கட்டித் துறை, மணியடிக்கும் துறை, வாய்ப்பாட்டுத் துறை என்று துறைகளுக்கு நான் பட்டியல் போட்டு வந்திருக்கிறேன்."

வச்சிரவேலர் கண்களைச் சுருக்கினார். "இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது. இதனால் மக்களின் வாள் உரிமைக்குப் பங்கம் வருமா?"

"ஓர் எழுத்துக்கூட மாறாது, தலைமை அமைச்சரே. யாரும் எங்கும் வாள் ஏந்தலாம். அமைச்சர்களின் உயிர் மட்டும் நாட்டின் உடைமை. அதை மறுக்கிறீர்களா?"

அந்த வரியை எழுதியவரே வச்சிரவேலர்தான்.

"நூற்றொன்பது அமைச்சர்கள்!" மன்னர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "வேங்கை நாட்டான் என்ன ஆவான்!"

ஆனால் மன்னர்களுக்கு நூற்றொன்பதும் சில நாட்களில் சலித்துவிடும். முடிதிருத்துவோர் அமைச்சர்களானார்கள். கல்யாணச் சமையல்காரர்கள், மருத்துவச்சிகள், கீரைக்காரம்மாக்கள் எல்லாரும் ஆனார்கள். வாள் பட்டறைச் சங்கத்தின் தலைவர் ஒரு சாயங்காலம் கூச்சத்தோடு வந்து, "மகள் பிரசவத்துக்கு வந்திருக்கா, வீட்ல ஒரு அமைச்சர் இருந்தா நல்லது" என்று தலையைச் சொறிந்தார். அவருக்குத் தொட்டில் துறை கிடைத்தது. பிள்ளைகளும் வரிசையில் வந்து நின்றார்கள். சிட்டம்மை மாங்காய்த் துறை கேட்டாள். அதற்கு ஏற்கெனவே பதினோரு பேர் போட்டி போட்டதால் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டார்கள்.

அளவுக்காரர்களும் சுண்ணாம்பும் போதவில்லை. பிறகு கோடே தேவைப்படவில்லை, ஏனென்றால் கோட்டுக்கு வெளியே என்று ஓர் இடம் மிஞ்சவில்லை. உரிமையை விட்டுத்தர மாட்டேன் என்று ஒரே ஒரு மனிதர் மட்டும் வாளோடு மலை உச்சிக்கு ஏறிப்போனார். எல்லா அமைச்சர்களிடமிருந்தும் நூறு அடி தள்ளி அங்கே நான்கு நாள் சுதந்திரமாக நின்றார். ஐந்தாம் நாள் பசி தாங்காமல் கீழே குரல் கொடுத்தார். அவரை இறக்கிவந்து, சோறு போட்டு, மலைத் துறையைக் கொடுத்தார்கள்.

அந்த வருடம் தேர்த் திருவிழாவில் நாடு முழுவதும் ஒரே தெருவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கடம்பவாணரை யாரும் எங்கும் உட்கார வைக்கவில்லை. அவரைக் கூட்டத்தில் இழுத்து, வடத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தார்.

வேங்கை நாட்டிலிருந்து ஒரு தூதர் அந்தத் திருவிழாவுக்கு வந்திருந்தார். சாந்தமான மனிதர். கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வச்சிரவேலரிடம் கேட்டார்: "உங்கள் நாட்டில் வாள் சட்டம் இருப்பதாகச் சொன்னார்களே. நீக்கிவிட்டீர்களா?"

"நீக்குவதா!" வச்சிரவேலர் மார்பை நிமிர்த்தினார். "முழுவதும் நடப்பில் இருக்கிறது. எவரும் எங்கும் ஏந்தலாம். அமைச்சர்களின் அருகில் மட்டும் கூடாது."

"அப்படியா" என்றார் தூதர். "எங்கள் நாட்டிலும் இதே சட்டம்தான். எழுத்துக்கு எழுத்து இதேதான்."

தேர் நிலைக்கு வந்த பிறகு அவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற கடம்பவாணரைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார்.

"பதவிகள் கொடுப்பது நீங்கள்தான் என்றார்கள்."

"ஆமாம்."

"எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஐயா. எட்டு வயது. அங்கே பள்ளிக்கூடம் போகிறாள்." தூதர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "காலையில் அவளை அனுப்பிவிட்டு, அவள் திரும்பி வரும்வரை அவளுடைய அம்மா அடுப்பே பற்றவைப்பதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க உங்கள் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் சட்டத்திலும் 'எந்த அமைச்சர்' என்றுதான் இருக்கிறது, எந்த நாட்டு அமைச்சர் என்று இல்லை. எந்தத் துறையானாலும் பரவாயில்லை."

கடம்பவாணர் மடியிலிருந்த ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்தார்.

"பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள்" என்றார்.